நான் லோஷன் காய்ச்சிய கதை

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்கியவள். இதை முதலிலேயே சொல்லிவைப்பதற்குக் காரணம் உண்டு. பின்னால் வருவதைப் படித்துவிட்டு, "இந்தம்மாவா அஞ்சு வளத்துச்சு?" என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள்.

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்து வேலி ஓரமாக மாடு மேய்த்ததோடு சரி. (மாடு சில நாள் உள்ளே போயிருக்கிறது. நான் போனதில்லை.) நாற்பது வயதுக்கு மேல்தான் தெருவில் நடந்த வகுப்பில் உட்கார்ந்து கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் கற்றுக்கொண்டேன். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். ஊருக்கே தெரிந்த சங்கதி இது. ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிச் சிரிக்கிறார்கள். அவமானப்பட்டவளே சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்குமே என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் கீரமங்கலம் பக்கம். நாங்கள் மாடு வைத்துப் பால் ஊற்றிய குடும்பம். கடைவீதி டீக்கடையெல்லாம் ஒரு காலத்தில் எங்கள் பாலில்தான் நுரைத்தது. அதில் தண்ணீர் இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. அடுத்தவர் பாலில் தண்ணீர் இருந்தால் நான் சொல்லாமல் விட்டதும் இல்லை. குழாய்த் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா என்பது வரைக்கும் சொல்லிவிடுவேன். (இது கொஞ்சம் கூடுதல். முன்னால் சொன்னது உண்மை.) அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட வேண்டும். உருண்டு நின்றால் பால். ஓடினால் மோசடி. உலகத்தில் உள்ள வெள்ளையான எதையும் இப்படிச் சோதித்துவிடலாம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் கடைக்குட்டி செந்தில் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி தேன்மொழி கறம்பக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் வீட்டிலிருந்துதான் பஸ்ஸில் போய்வருவாள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, நிலா. குழந்தை பூ மாதிரி. தோல் அதைவிட மோசம். வெயில் பட்டால் சிவக்கும். வேர்த்தால் சிவக்கும். நான் ஆசையாக ஒரு முத்தம் கொடுத்தால், வாயில் இருக்கிற வெற்றிலைச் சாறு பட்டு அந்த இடமும் சிவக்கும். (வெற்றிலையை விடவில்லை. முத்தத்தை உச்சந்தலைக்கு மாற்றிக்கொண்டேன்.) முழங்கை மடிப்பிலும் கன்னத்திலும் தோல் வறண்டு, சொரசொரவென்று இருக்கும். ராவெல்லாம் சொறிந்துகொண்டு அழும்.

புதுக்கோட்டையில் தோல் டாக்டரம்மாவிடம் காட்டினோம். சென்சிட்டிவ் ஸ்கின் என்றார். எண்ணெய் தேய்க்கக் கூடாதாம். பயத்தமாவு வேண்டாம், மஞ்சள் வேண்டாம், பவுடர் வேண்டாம். குளிப்பாட்டி, ஈரம் முழுக்கக் காய்வதற்கு முன்னால் ஒரு லோஷனை லேசாகப் பூசினால் போதுமாம். நான் ஐந்து பிள்ளைகளுக்குச் செய்த அத்தனையையும் ஒரே மூச்சில் வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அந்தப் பெண்தான்.

வீட்டுக்கு வந்ததும் நான் என் தீர்ப்பைச் சொன்னேன்.

"எங்க வம்சத்துல இப்படித் தோலு கெடையாது. எம்புள்ளைக எல்லாம் பித்தளக் கொடம் கணக்கா வளந்ததுக. இது எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன்."

சொல்ல மாட்டேன் என்பதைத் தினமும் சொன்னேன். எங்கிட்டு என்றால் திருச்சி. தேன்மொழியின் அம்மா, என் சம்பந்தி பத்மா இருக்கிற ஊர். தேன்மொழி போனில் அவர்களோடு பேசும்போது கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். என் குரல் இயல்பாகவே பெரிது, என்ன செய்ய.

இப்படி இருக்கும்போது தேன்மொழிக்கு லீவு முடிகிற சமயம் வந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? என்னிடம் விட்டுப் போனால் சாயங்காலம் வந்து தூக்கிக்கொள்ளலாம். திருச்சியில் அம்மாவிடம் விட்டால் வாரக் கடைசியில் போய்த்தான் பார்க்க முடியும். தேன்மொழிக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கும்தான். நிலா பிறப்பதற்கு முன்னால் வீட்டில் குழந்தைச் சத்தம் கேட்டு வெகு வருஷம் ஆகியிருந்தது.

"அத்தை, நிலா இங்கேயே இருக்கட்டும்னுதான் எனக்கும் ஆசை," என்றாள். "ஒண்ணே ஒண்ணுதான். எண்ணெய் வேணாம், மாவு வேணாம். டாக்டர் சொன்ன லோஷன் மட்டும். அம்மா சனிக்கிழமை வர்றாங்க. அவங்ககிட்டயும் கலந்துக்கிட்டு முடிவு பண்ணிரலாம்."

"அதுக்கென்னத்தா, பூசிட்டாப் போச்சு," என்றேன். மனசுக்குள், கலந்துகொள்ள வேண்டிய அளவுக்கா ஆகிவிட்டது என் பிழைப்பு என்று இருந்தது.

அன்றைக்கே லோஷன் பாட்டிலை எடுத்துச் சோதனை போட்டேன். வெள்ளையாகத்தான் இருந்தது. வாசனை கிடையாது. கட்டைவிரல் நகத்தில் விட்டேன். ஓடியது. சும்மா ஓடவில்லை, நகத்திலிருந்து இறங்கி, விரலைத் தாண்டி, உள்ளங்கை வழியாக மணிக்கட்டுக்கு வந்து, அங்கே எங்கேயோ காணாமலே போய்விட்டது. கையைத் தடவிப் பார்த்தால் ஒன்றும் இல்லை.

"தேனு, இதுல தண்ணி சேத்துருக்கான்."

"அது அப்படித்தான் இருக்கும் அத்தை. லைட் லோஷன்."

"லைட்டுன்னா?"

"லேசானது. பிசுபிசுப்பு இல்லாம தோலுக்குள்ள எறங்கிரும்."

"உள்ள எறங்கிருச்சுன்னா வெளிய என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

"ஒண்ணும் இல்லாததுக்கா பாட்டிலு?"

அவள் டீச்சர். பதில் தெரியாத மாணவர்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி சிரித்துவிட்டுப் போனாள். நான் பாட்டிலின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சீல் ஒழுங்காகத்தான் பிரிக்கப்பட்டிருந்தது. அப்படியானால் கடையில் கலக்கவில்லை, கம்பெனியிலேயே கலந்துவிட்டான் என்று முடிவுக்கு வந்தேன். பால்காரியிடமா இந்த வேலை?

சனிக்கிழமை வந்தது. தேன்மொழி அவள் அம்மாவைக் கூட்டிவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். நிலா தொட்டிலில் நல்ல தூக்கம். வீட்டுக்காரர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நானும் லோஷனும் அடுப்படியில் தனியாக இருந்தோம்.

தண்ணீர் கலந்த பாலை என்ன செய்வோம்? சுண்டக் காய்ச்சுவோம். தண்ணீர் போய்ச் சத்து நிற்கும். இதற்கு ஒரு படிப்பு வேண்டுமா? பால் காய்ச்சும் சட்டியைக் கழுவி வைத்து, பாட்டிலைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்ததையும் உதறி ஊற்றி, அடுப்பை மெதுவாக எரியவிட்டேன்.

முதலில் நுரைத்தது. ஒரு கொதி வந்தது. பொங்கிவிடாமல் ஊதி ஊதிக் கிண்டினேன். (லோஷனை ஊதிய முதல் பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.) கொஞ்ச நேரத்தில் வெள்ளையெல்லாம் திரிந்து, கட்டி கட்டியாக ஒதுங்கி, மேலே எண்ணெய் மிதந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வெண்ணெய் உருகி நெய் பிரிகிற மாதிரியே பிரிந்திருந்தது. திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. இவ்வளவு பெரிய பாட்டிலில் உள்ள சத்து இந்தக் கரண்டி அளவுதான்.

காய்ந்த எண்ணெய் வாசனை கூடம் வரைக்கும் போயிருக்கும்போல. வீட்டுக்காரர் பேப்பரோடு எழுந்து வந்தார்.

"ஏ புள்ள, பால்கோவாவா?"

"ஒங்களுக்கு இல்ல."

"சம்பந்திக்கா?"

"பேத்திக்கு."

"அதுக்குப் பல்லே ரெண்டுதான மொளச்சிருக்கு," என்று சொல்லிச் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். விரலை நீட்டினார். கரண்டியால் தட்டிவிட்டேன். பிற்பாடு அதற்காக எனக்கு நன்றி சொன்னார். ஐம்பத்தைந்து வருஷக் குடும்பத்தில் அவர் சொன்ன ஒரே நன்றி அதுதான்.

ஒரு கரண்டி எத்தனை நாளைக்குக் காணும்? அதனால் கொஞ்சம் வேப்பெண்ணெய் விட்டேன். நிறத்துக்கு மஞ்சள்தூள். வேப்பெண்ணெய் நாற்றம் போக ஒரு சூடத்தைப் பொடித்துப் போட்டேன். கையால் குழைத்துப் பார்த்தால் அப்பப்பா, என்ன கெட்டி. நகத்தில் வைத்தேன். நின்றது. தலைகீழாகப் பிடித்தாலும் நின்றது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி நல்லது ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்ல இடம் கிடைக்காது. பிள்ளைக்குக் கொடுக்கிற எதையும் நான் முதலில் என் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். கஞ்சியோ, கஷாயமோ, சூடு காரம் பார்க்காமல் ஊட்டியதே இல்லை. ஐந்துக்கும் அப்படித்தான். அதே வழக்கப்படி இதையும் முதலில் எனக்குப் பூசிப் பார்க்கலாம் என்று எடுத்தேன்.

சோதனைக்கு என்றால் மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்தால் போதும். ஆனால் பத்மா சம்பந்தியை நீங்கள் பார்த்ததில்லை. அந்த அம்மாவுக்கும் அறுபது தாண்டிவிட்டது. கன்னம் மட்டும் இப்போதுதான் கழுவிவைத்த மாங்காய் மாதிரி இருக்கும். இன்றைக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன பூசுறீங்க சம்பந்தி?" என்று அவர்கள் கேட்க வேண்டும், நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானே காச்சினது" என்று சொல்ல வேண்டும் என்று ஓர் ஆசை. ஆகவே முகம், கழுத்து, இரண்டு கை முழங்கை வரைக்கும், அம்மனுக்குச் சந்தனக்காப்புச் சாத்துகிற மாதிரி சாத்திக்கொண்டேன்.

முதலில் குளுகுளுவென்று இருந்தது. சத்து ஏறுகிறது என்று நினைத்தேன். பிறகு எறும்பு ஊர்ந்தது. அதுவும் சத்துதான் என்று பொறுத்துக்கொண்டேன். பிறகு அந்த எறும்புகள் எல்லாம் ஆளுக்கு ஒரு கொள்ளிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடின. குழாயடிக்கு ஓடிப்போய்க் கழுவினேன். பிசுக்குப் போகவில்லை. அங்கே இருந்த சீயக்காய்த் தூளை அள்ளிப் போட்டு, தேங்காய் நாரால் ஒரு தேய் தேய்த்தேன். அதுவரைக்கும் எரிந்தது ஒன்றும் எரிச்சலே இல்லை என்று அப்போது தெரிந்தது.

கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். ஒரு பலாப்பழம் பொட்டு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. எங்கள் பக்கத்துப் பலாவுக்குப் பேர் அதிகம். அதற்குக் குறைவில்லாத பழம். ஒரு கண் மூடிவிட்டது. இன்னொரு கண் மூடுவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆட்டோக்காரரோடு தேன்மொழி பேசிக்கொண்டிருக்க, பத்மா சம்பந்தி பழப்பையோடு முதலில் உள்ளே வந்தார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"சம்பந்தியம்மா இல்லைங்களா?"

"நான்தாங்க சம்பந்தி."

பழப்பை கீழே விழுந்தது. ஆரஞ்சு ஒன்று உருண்டு போய் வீட்டுக்காரர் காலடியில் நின்றது. அவர் அதை எடுத்துக்கொண்டு, "காலையில நல்லாத்தாங்க இருந்துச்சு," என்றார்.

பின்னாலேயே தேன்மொழி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பின் மேல் சட்டியைப் பார்த்தாள். பக்கத்தில் காலி பாட்டிலைப் பார்த்தாள்.

"பிள்ளைக்குப் போட்டீங்களா அத்தை?"

என் பதிலுக்கு நிற்கவில்லை, தொட்டிலுக்கு ஓடினாள். நிலாவைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து, கன்னத்தைப் பார்த்து, முழங்கை மடிப்பைப் பிரித்துப் பார்த்து, கையை மோந்து பார்த்தாள். குழந்தை தூக்கம் கலைந்து, என் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது. அதுவரைக்கும் என்னைப் பார்த்து ஒரு நாளும் அழுததில்லை.

"இல்லத்தா," என்றேன். "மொதல்ல எனக்குத்தான் போட்டுப் பாத்தேன்."

தேன்மொழி குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு எரிந்த எரிச்சலில் அதுதான் பெரிது.

வந்த ஆட்டோவிலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கிருந்து ஒரு கார் பிடித்துப் புதுக்கோட்டைக்குப் போனோம். டாக்டரம்மா என்ன பூசினீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"லோஷனைக் காய்ச்சினீங்களா?"

"ஆமாங்க."

"அடுப்புல வச்சா?"

"நல்லா சுண்டத்தாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். நர்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. தோள் மட்டும் குலுங்கியது.

"பாட்டி, அதுல தண்ணி இருக்கிறது உண்மைதான்," என்றார் டாக்டரம்மா. "வேணும்னேதான் சேர்க்கிறாங்க. தண்ணியும் கொஞ்சம் லேசான எண்ணெய்ப் பசையும் பிரியாம சேர்ந்திருந்தாத்தான் அது தோல்ல பரவி இறங்கும். வறண்ட தோலை மிருதுவாக்கும், ஈரத்தை வெளிய போகவிடாது. நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டியா அப்பினா வேர்வை அடைச்சிக்கும், புழுதி ஒட்டும், அரிப்பு கூடும். இந்த மாதிரித் தோலுக்கு வாசனை, சூடம் எல்லாம் ஆகவே ஆகாது."

"கெட்டியா இருந்தாத்தானங்க சத்து?"

"பாலுக்குச் சரி பாட்டி."

அப்புறம் என் கையைப் பிடித்துத் திருப்பினார். முழங்கை மடிப்பில் கறுத்துத் தடித்திருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது இன்னைக்கு வந்தது இல்லையே. ரொம்ப நாளா அரிக்குதா?"

"அது வைக்கோல் அரிப்புங்க. சின்னப் பிள்ளையில இருந்தே இருக்கு. மாட்டுக்காரிக்கு அரிக்காம இருக்குமா?"

"முழங்காலுக்குப் பின்னாடி?"

"அங்கிட்டும்தான்."

"மாடு வித்த அப்புறம்?"

மாடுகளை விற்று வெகுகாலம் ஆகிவிட்டது. வைக்கோலைத் தொட்டும் வெகுகாலம் ஆகிவிட்டது. அரிப்பு மட்டும் போகவில்லை.

"உங்களுக்கும் பேத்தி மாதிரியே தோல்தான் பாட்டி," என்றார் டாக்டரம்மா. "இது குடும்பத்துல வர்றதுதான். அதுக்கு உங்ககிட்ட இருந்து வந்திருக்கும்போல."

பத்மா சம்பந்தி எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்கள். முந்தானையை மட்டும் ஒருதரம் இழுத்துச் சரிசெய்துகொண்டார்கள். அந்த இழுப்பு எனக்குச் சூடத்தைவிட எரிந்தது.

வீட்டுக்கு வருவதற்குள் இன்னொரு கண்ணும் மூடிக்கொண்டது. மாத்திரை கொடுத்திருந்தார்கள். பச்சைத் தண்ணீரால் கழுவிவிட்டு அதே லோஷனைப் பூசச் சொல்லியிருந்தார்கள். புது பாட்டில். என்னால் பார்த்துப் பூச முடியாது. தேன்மொழி குழந்தையோடு உள்ளே இருந்தாள். கட்டிலில் என் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

"கண்ணை மூடுங்க சம்பந்தி."

"மூடித்தாங்க இருக்கு."

"லேசாத்தான் தொடுறேன். எரிஞ்சா சொல்லுங்க."

எரியவில்லை. கோடையில் வெடித்துக்கிடக்கிற வயலுக்குள் மடை திறந்து தண்ணீர் நுழைகிற மாதிரி இருந்தது. அந்த விரல் போன வழியெல்லாம் எரிச்சல் ஒதுங்கியது. கொஞ்ச நேரத்தில் தடவிப் பார்த்தேன். பிசுக்கு இல்லை, நாற்றம் இல்லை. ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று எழுபத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன்.

சம்பந்தி கன்னத்தை முடித்துவிட்டுக் கழுத்துக்கு வந்தார்கள். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்கள்.

"இந்தத் தோலு எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன்."

எங்கள் ஊர்ப் பேச்சை அவ்வளவு சுத்தமாக ஒரு திருச்சிக்காரி பேசி நான் கேட்டதில்லை. சிரிப்பு வந்தது. சிரித்தால் முகம் வெடித்தது. அவர்களும் சிரித்தது கட்டில் ஆடியதில் தெரிந்தது.

ஆனாலும் பக்கத்து அறையில் பெட்டி திறக்கிற சத்தமும் துணி மடிக்கிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. குழந்தைத் துணி என்று தெரியும். கிலுகிலுப்பை ஒருதரம் குலுங்கி, பைக்குள் போய் அமுங்கியது. இந்த முகத்தை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஒரு கண் திறந்தது. பை வாசல் பக்கத்தில் இருந்தது. சம்பந்தி காப்பி குடித்துக்கொண்டே, "நேரமாச்சு தேனு, கிளம்பலாமா?" என்றார்கள்.

தேன்மொழி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நேராக என்னிடம் வந்து மடியில் உட்கார வைத்தாள். பாட்டிலையும் கையில் கொடுத்தாள்.

"பூசி விடுங்க அத்தை. பாக்குறேன்."

நான் நகத்தில் விட்டுப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு, குழந்தையின் முழங்கை மடிப்பில் நேற்று என்னைத் தொட்ட மாதிரியே தொட்டேன். நிலா என் முகத்தை உற்றுப் பார்த்தது. பிறகு என்ன நினைத்ததோ, வீங்கியிருந்த கன்னத்தை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்துச் சிரித்தது.

"பையைப் பிரிச்சிரும்மா," என்றாள் தேன்மொழி அவள் அம்மாவிடம். "பிள்ளைக்குப் போடுறதுக்கு முன்னாடி தன் மூஞ்சியில போட்டுப் பாத்தவங்க. இவங்கள விட்டுட்டு வேற யார்கிட்ட நான் விடுறது?"

சம்பந்தி காப்பியைக் கீழே வைத்தார்கள். "அதுவும் சரிதான். நம்ம நூறு தடவ சொன்னாலும் ஏறாது. அவங்க மூஞ்சியே அவங்களுக்குச் சொல்லிருச்சு," என்றார்கள். நான் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினேன். பளபளப்புக்காகப் போட்டேன் என்பதை நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே பாட்டில்தான். குளித்துவிட்டு வந்து நானும் நிலாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். அதற்குப் பூசிவிட்டு மிச்சத்தை நான் பூசிக்கொள்வேன். வைக்கோல் அரிப்பு வைக்கோல் இல்லாமலே போய்விட்டது. பால் சட்டியில் சூட நாற்றம் போகவில்லை. அதற்கு லோஷன் சட்டி என்று பேர். கோழிகள் அதில் தண்ணீர் குடிக்கின்றன. அவற்றின் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. செந்தில் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டால் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "ஆத்தா, ஒரு கொதி வந்துருச்சா?" என்றுதான் கேட்கிறான். நான் அடுப்பில் எதை வைத்தாலும் வீட்டுக்காரர் வந்து எட்டிப்பார்த்து, "இது காப்பிக்கா, மூஞ்சிக்கா?" என்கிறார்.

இவ்வளவுதான். கையும் வலிக்கிறது. பெரியவன் மகள் கயல் ஒன்பதாவது படிக்கிறாள். என் எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஏ கயலு, இங்கிட்டு வாத்தா. இத அப்பத்தாவுக்கு ஒருதரம் வாசிச்சுக் காட்டு. மொதல்ல இருந்து வாசி, அஞ்சு பிள்ளை வளத்தேங்கறத நல்லாச் சத்தமா வாசி. மாங்கா கன்னம்னு ஒரு எடம் வரும், அத மட்டும் மெதுவா, எங் காதோட வாசி. ஒஞ் சித்தி தேனு அடுப்படியில இருக்கா.